தோரணம் கட்டிய வயர்

காலை ஆறு மணிக்கு நாற்பத்தொன்று வந்தது. ஆறே காலுக்கு மூன்று. ஆறரைக்கு இருபத்தெட்டு. ஆறே முக்காலுக்குத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்று, எண்ணே காட்டாமல் அணைந்துபோனது.

நாலு நெட் வேகச் சோதனைக்கும் இடையில் முனீஸ்வரி எதையும் தொடவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. வந்த எண்களை ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் எழுதினாள். எழுதினால் ஏதாவது பிடிபடும் என்று நினைத்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. செவ்வாய்க்கிழமை அவள் ஊர் வெள்ளூருணியில் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டினார்கள். அன்று சாயங்காலத்திலிருந்து அவள் வீட்டு இணைய இணைப்பு படுத்துக்கொண்டது. புதன்கிழமை முழுக்கப் போனில் புகார் சொல்வதிலேயே போனது. இன்று வியாழன்.

மெயிலில் நாலே வரிதான் இருந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எல்லோருடைய இணைப்பையும் கம்பெனி சோதிக்கும். டவுன்லோடு இறக்கம் ஐம்பது, அப்லோடு ஏற்றம் இருபது, இருபது நிமிடம் அறுபடாமல் நிற்க வேண்டும். கம்பெனி கொடுத்த கணினி, சொந்தப் பெயரில் உள்ள இணைப்பு, இரண்டும் சேர்ந்தால்தான் சோதனை செல்லும். தேறாதவர்கள் வரும் திங்கள் காலை ஒன்பது மணிக்குச் சென்னை அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

அவள் முறை இன்று பகல் மூன்று மணிக்கு.

காப்புக் கட்டிவிட்டால் பொங்கல் முடியும்வரை வெள்ளூருணிக்காரர்கள் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது சாய்ந்தால் ஊருக்குள் இருக்க வேண்டும். பொங்கல் அடுத்த செவ்வாய். சென்னையில் திங்கள் காலை ஒன்பது மணி. யோசிக்க இதில் எதுவும் இல்லை. மூன்று மணிக்குத் தேறாவிட்டால் வேலை போய்விடும்.

அருப்புக்கோட்டை நூல் மில்லில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள் அவள். பாளையம்பட்டி ஜெராக்ஸ் கடையில் ஒரு வருடம். அதற்குப் பிறகு கிடைத்தது இது. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் இன்சூரன்ஸ் அழைப்புகளை எடுத்து, விவரம் கேட்டு, பதிந்து அனுப்ப வேண்டும். நாலு வருடமாகச் செய்கிறாள். உட்கார்ந்து செய்யக் கிடைத்த முதல் வேலை.

ஏழு மணிக்குப் புருஷன் சுந்தரபாண்டி டீ குடிக்க வந்தான். பந்தல், ரேடியோ செட், சீரியல் பல்பு எல்லாம் அவன் தொழில். காப்புக் கட்டியதிலிருந்து ஊரே அவன் கையில் இருந்தது. கண் இரண்டும் சிவந்து, சட்டையெல்லாம் வேப்பிலை ஒட்டிக் கிடந்தது.

"எம்புட்டு வந்துச்சு?" என்று கேட்டான்.

"மூணு."

"நேத்து ரெண்டுன்ன. ஏறியிருக்குல்ல."

அவன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, ஊருக்கே நெட்டு அப்படித்தான் இருக்கிறது, திருவிழா நேரம், எல்லாரும் போனை நோண்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அது பொய் என்று அவளுக்குத் தெரியும். நேற்றே விசாரித்துவிட்டாள். அவள் வீட்டுக்கு நெட் வரும் அதே கம்பத்துப் பெட்டியிலிருந்து டீக்கடைக்கும் ஒரு இணைப்பு போகிறது. டீக்கடைக்காரர் ஒரு தடங்கலும் இல்லாமல் பெரிய டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். படம் ஒரு பந்துக்குக்கூட நிற்கவில்லை. கெட்டுப்போனது அவள் வீட்டு இணைப்பு மட்டும்தான்.

வீட்டுக்குள் செய்யக்கூடியது எல்லாவற்றையும் செய்துவிட்டாள். டிவியைக் கழற்றினாள். வைஃபை கடவுச்சொல்லை மாற்றி, சுந்தரபாண்டியின் போனை வெளியே தள்ளினாள். வைஃபை வேண்டாம் என்று கணினிக்கும் ரௌட்டருக்கும் நேராக வயர் போட்டாள். அந்த வயரே கோளாறோ என்று புது வயர் வாங்கி வந்து மாற்றினாள். ஃபிரிட்ஜ் பக்கத்தில் இருந்த ரௌட்டரை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். ஜன்னலிலிருந்து அலமாரிக்கு. கடைசியில் அதைத் தரையில் வைத்து அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சிவப்பு விளக்கு கண்ணடித்தது. அணைந்தது. மறுபடி கண்ணடித்தது.

புகார் எண்ணில் ஒரு பெண் குரல், ரௌட்டரை அணைத்து முப்பது விநாடி கழித்துப் போடச் சொன்னது. செய்தாள். மறுபடி அழைத்தால் அதே குரல் அதையே சொன்னது. ஐந்தாவது தடவை, நான் அணைத்துப் போட்டுவிட்டேன் அம்மா, அடுத்ததைச் சொல்லுங்கள் என்று கத்தினாள். அது பதிவு செய்த குரல். பொறுமையாக முப்பது விநாடி என்றது.

ஒன்பது மணிக்கு மேல் காற்று எழுந்தது. மழை பார்க்காத காட்டிலிருந்து வரும் பங்குனிக் காற்று. புழுதியை வாரிக்கொண்டு தெருவுக்குள் வந்து, கதவை அறைந்துவிட்டுப் போகும். முனீஸ்வரி சோதனையை ஓடவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண் முப்பதுக்கு ஏறியது. கதவு அறைந்தது. எண் நாலுக்கு விழுந்தது.

தற்செயல் என்று நினைத்தாள். மறுபடி ஓடவிட்டாள். காற்று நின்றதும் முப்பத்தைந்து. கதவு அறைந்ததும் ஐந்து.

ஆறு தடவை பார்த்தாள். ஆறு தடவையும் அப்படியே. யாரிடமாவது சொன்னால் தலைக்கு வெயில் ஏறிவிட்டது என்பார்கள் என்று அவளுக்கே தோன்றியது.

பத்தரைக்கு அஃப்ரீத் வந்தான். அருப்புக்கோட்டைக்காரன். இந்தப் பக்கத்து நாற்பது கிராமத்துக்கும் நெட் லைன் பார்க்கிற பையன் அவன் ஒருவன்தான். பைக்கின் பக்கவாட்டில் ஏணியைக் கட்டி, ஏணி நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தான்.

"அக்கா, நேத்தே வந்துருப்பேன். திருச்சுழியில ஒரு வீட்டுல எலி கடிச்சிருச்சு" என்றான். "வயரைத்தான். என்னைய இல்ல."

முனீஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. டைரியைக் காட்டினாள். தயங்கித் தயங்கிக் காற்று விஷயத்தையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"காத்தடிச்சா விழுதுன்னா வெளியதான் கோளாறு. நீங்க வீட்டுக்குள்ள உக்காந்து என்ன செஞ்சாலும் வராது."

மூன்று நாளாக அவள் பட்ட பாடு முழுவதையும் அந்த ஒரு வரி தள்ளுபடி செய்தது. அவளுக்கு அவன்மேல் கோபம் வந்தது. கோபப்படுவதில் நியாயம் இல்லை என்று தெரிந்ததால் இன்னும் கொஞ்சம் வந்தது.

அவன் ரௌட்டரிலிருந்து வயரைக் கழற்றி, கையடக்கமான மீட்டரில் செருகினான். இந்த வயருக்குள் ஓடுவது கரண்டு இல்லை, வெளிச்சம் என்று விளக்கினான். கம்பத்திலிருந்து கிளம்பும் வெளிச்சம் வீட்டுக்கு எவ்வளவு வந்து சேருகிறது என்று மீட்டர் காட்டும். மைனஸ் இருபதையொட்டி இருந்தால் நல்லது. முப்பதைத் தொட்டால் பிழைக்காது.

மைனஸ் இருபத்தொன்பது காட்டியது. வெளியே ஒரு காற்று அடித்தது. முப்பத்துமூன்று.

பிறகு அவன் தெருக்கோடிக் கம்பத்தில் ஏறி, மேலே இருந்த பெட்டியைத் திறந்து அங்கே அளந்தான். பத்தொன்பது. முத்து மாதிரி நின்றது, காற்றுக்கு அசையவில்லை.

"அப்ப நடுவுல எங்கயோ ஒழுகுது" என்று மேலிருந்தே சொன்னான். வயர் போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்தான். கம்பத்திலிருந்து தெருவைக் குறுக்கே தாண்டி, முனீஸ்வரி வீட்டு மொட்டைமாடிக்கு. பாதியில் அவன் பார்வை நின்றது. அவளும் அண்ணாந்து பார்த்தாள்.

மூன்று நாளாக அதன் கீழேதான் போய் வந்துகொண்டிருக்கிறாள்.

காப்புத் தோரணம். தெரு முழு அகலத்துக்கும் வேப்பங்கொத்து, நடுநடுவே மாவிலை, கீற்று ஓலையில் வெட்டிய கிளிகள். சாமி தெருவுக்குள் வரும் வழியில் கட்டுவது. அது தொங்கியது கயிற்றில் இல்லை. அவள் வீட்டு இணைய வயரில். முழத்துக்கு ஒரு கொத்து, கொத்துக்கு ஒரு முடிச்சு, எல்லாம் தறிக் கழிவு நூலில் இறுக்கியது. சுந்தரபாண்டி முடிச்சுப் போட்டால் அதில் ஆளே தொங்கலாம் என்று ஊரில் பேச்சு உண்டு. ஒவ்வொரு முடிச்சிலும் வயர் மடங்கி நின்றது. காற்றடிக்கும்போது தோரணம் மொத்தமும் ஊஞ்சல் ஆடியது.

சுந்தரபாண்டி கோயில் பக்கம் ஏணியில் நின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டு வந்து காட்டினாள்.

அவன் மறுக்கவில்லை. போன வருடம் கயிற்றில்தான் கட்டினோம், தண்ணீர் லாரி இடித்து அறுத்துவிட்டது, கமிட்டியில் பேச்சு வாங்கினேன், அந்த உயரத்தில் தெருவைத் தாண்டிப் போவது இந்த ஒரு வயர்தான் என்றான்.

"அது வயரு. இலை கட்டினா அதுக்கு என்ன வந்துச்சு? இருபது வருசமா வயருல பல்பு கட்டுறேன்."

அஃப்ரீத் ஏணியிலிருந்து இறங்கி, உள்ளே இருப்பது செம்பு இல்லை, தலைமுடி கனத்தில் கண்ணாடி என்று சொல்லத் தொடங்கினான். மடக்கினால் வெளிச்சம் மடங்குகிற இடத்தில் வெளியே போய்விடும் என்றான்.

"தம்பி, எனக்கு வயரப் பத்திச் சொல்லித் தராத" என்றான் சுந்தரபாண்டி.

அஃப்ரீத் மீட்டரைத் துடைக்கத் தொடங்கினான்.

"சரி, அவுத்து விடுங்க" என்றாள் முனீஸ்வரி.

சுந்தரபாண்டி அவளைப் பார்த்தான். அவள் ஏதோ புரியாத பாஷையில் பேசியதுபோல் பார்த்தான்.

"காப்புத் தோரணத்தையா?"

"அவுத்துப் புதுக் கயித்துல கட்டுங்க. நானே கயிறு பிடிக்கிறேன்."

"அவுத்துக் கட்டினாலும் அவுத்ததுதான். ஆறு நாளு பொறுத்துக்கோ."

"எனக்கு ஆறு நாளு இல்ல. மூணு மணி வரைக்குந்தான் இருக்கு."

அவன் கமிட்டித் தலைவர் சோலைச்சாமியிடம் கேட்டுக்கொள் என்று சொல்லி நழுவினான். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் அவரிடம் அனுப்பினான்.

சோலைச்சாமி பந்தலில் நோட்டீஸ் அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். கெட்டவர் இல்லை. அவர் மகனும் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலைதான் பார்க்கிறான். மூன்று மணி என்றால் மூன்று மணிதான் என்பது அவருக்குப் புரிந்தது.

"தாயி, நான் சரின்னு சொல்லிருவேன். எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா வெயிலு இந்தப் போடு போடுது. நாளைக்கு எந்தப் பிள்ளைக்காவது அம்மை போட்டுச்சுன்னு வையி. தோரணத்த அவுத்தது யாருன்னுதான் ஊரு கேக்கும். ஒன் பேரச் சொல்லுவாக. காலத்துக்கும் சொல்லுவாக."

அவர் மிரட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். அவர் நடக்கப்போவதைச் சொன்னார்.

திரும்பி வந்தபோது அஃப்ரீத் பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவன் கிளம்பவில்லை என்பதே அவளுக்கு ஆச்சரியம்.

"தம்பி, நீ ஏறி நாலு முடிச்சை மட்டும் தளத்தி விட்டா போதாதா?"

"அக்கா, நான் பள்ளிவாசல் தெரு ஆளுன்னு ஒங்களுக்குத் தெரியும். இந்த ஊர்ல எல்லாரும் என்னைய வீட்டுக்குள்ள விடுறாக, மோர் குடுக்குறாக. நான் தோரணத்துல கை வச்சா நாளைக்கு எந்தக் கம்பத்துல ஏறுறது?"

அவன் சொன்னது நியாயம். அன்றைக்கு அவளிடம் எல்லோரும் நியாயத்தையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இணைப்பு மட்டும் மூன்றில் நின்றது.

புது வயர் இழுக்கச் சுருள் கையில் இல்லை, சனிக்கிழமைதான் வரும் என்றான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு ஒரு வழி சொன்னான். கம்பத்தில் வெளிச்சம் பத்தொன்பது இருக்கிறது. பைக் பெட்டியில் இருபது மீட்டர் துண்டு வயர் கிடக்கிறது. கம்பத்தையொட்டி ஒரு வீட்டில் ரௌட்டரை வைத்தால், தோரணத்துக்குக் கீழே வர வேண்டியதில்லை. இணைப்பு அவள் பெயரில்தான் இருக்கும். நூறுக்கு நூறு வரும்.

"அந்தா இருக்குல்ல மஞ்ச வீடு. ஜன்னலு கம்பத்துக்கு நேரா இருக்கு. தெரிஞ்சவுகதான?"

தெரிந்தவர்கள்தான். சுந்தரபாண்டியின் அண்ணன் அழகுராஜாவின் வீடு. இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அழகுராஜாவின் மகள் துர்காதேவி வயசுக்கு வந்து சடங்கு வைத்த அன்று, சித்தி என்ற முறையில் முதல் சீர்த்தட்டை முனீஸ்வரி தூக்க வேண்டும். அன்று அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஷிப்டு முடித்து ஓடியபோது பந்தியே முடிந்திருந்தது. அவள் போவதற்கு முன்பே, அண்ணன் பெண்டாட்டி மாரீஸ்வரி சபையில் வைத்து சுந்தரபாண்டியிடம், பெண்டாட்டியைக் கூட்டி வர வக்கில்லாதவன் எதற்கு வந்தாய் என்று கேட்டுவிட்டாள். அவன் எழுந்து வந்தவன்தான். அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றான். இன்றுவரை மிதிக்கவில்லை. ஒரே தெருவில் இரண்டு வீடு, நடுவில் நாற்பது அடி.

சடங்குக்குப் போக விடாத அதே வேலைக்காக இப்போது அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

மணி பன்னிரண்டரை. முனீஸ்வரி சாப்பிடவில்லை. ரௌட்டரைக் கழற்றி ஒரு கட்டைப்பையில் போட்டாள். கணினியை மார்போடு அணைத்துக்கொண்டாள். தெருவில் இறங்கியபோது சுந்தரபாண்டி கம்பத்தருகே குழாய் ஸ்பீக்கரைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க போற?"

"நெட்டு இருக்கிற எடத்துக்கு."

அவள் எந்த வாசலை நோக்கிப் போகிறாள் என்று அவன் பார்த்தான். ஏணியில் இரண்டு படி இறங்கினான். பிறகு அங்கேயே நின்றுகொண்டான். தடுக்கவில்லை. வா என்று கூப்பிடவும் இல்லை. அஃப்ரீத் அவசரமாகப் பைக் பெட்டிக்குள் எதையோ தேடினான்.

மாரீஸ்வரி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அழகுராஜா காரியாபட்டி லாரி ஷெட்டுக்குக் காலைப் பஸ்ஸில் போயிருந்தான். மகள் பரீட்சை எழுதப் போயிருந்தாள். வீட்டில் அவள் மட்டும்தான்.

"அக்கா" என்றாள் முனீஸ்வரி.

"உள்ள வந்து பேசு. தெருவே பாக்குது."

உள்ளே போய், நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். சென்னை, மூன்று மணி, தோரணம், கம்பம். மாரீஸ்வரியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எம்புட்டு நேரம்?"

"அரை மணி நேரம் போதும்க்கா."

"அன்னைக்கு நாங்களும் ஒன்கிட்ட அரை மணிதான் கேட்டோம்."

முனீஸ்வரி தரையைப் பார்த்தாள். லீவு கேட்டேன், கொடுக்கவில்லை என்று இரண்டு வருடமாக மனதுக்குள் ஆயிரம் தடவை சொன்ன பதில் இருந்தது. அதை இப்போது சொன்னால் அது கெஞ்சல் ஆகிவிடும். சொல்லவில்லை.

"பெட்டிய மாட்டச் சுவரு போதுமா, ரூம்பு வேணுமா?" என்றாள் மாரீஸ்வரி.

"மேசையும் பிளக்கும் போதும்."

"பிள்ளை படிக்கிற ரூம்புல போடு. அவ புத்தகத்தக் கலைக்காத."

அஃப்ரீத் ஜன்னல் வழியாக வயரை உள்ளே விட்டான். ஜன்னல் கம்பியில் மடங்காமல் இருக்க ஒரு துண்டுக் குழாயைச் செருகினான். ரௌட்டரில் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. சிவப்பு ஒன்றும் இல்லை. முனீஸ்வரி சோதனையை ஓடவிட்டாள். இறக்கம் தொண்ணூற்றாறு. ஏற்றம் தொண்ணூற்றிரண்டு. மூன்று நாளாகப் பார்க்காத எண்கள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவுதானா என்று எரிச்சல்தான் வந்தது. நாற்பது அடி தள்ளி உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கிற விஷயம்.

அஃப்ரீத் அடுத்த ஊருக்குக் கிளம்பினான். பொங்கல் முடிந்ததும் பழையபடி மாற்றித் தருகிறேன் என்றான்.

இரண்டே முக்காலுக்குப் பாட்டு போட்டார்கள்.

குழாய் ஸ்பீக்கர் அந்த ஜன்னலிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது. மேசை மேல் இருந்த பென்சில் நடுங்கி உருண்டது. சோதனையில் குரல் சரியாகக் கேட்கிறதா என்றும் பார்ப்பார்கள். முனீஸ்வரி புருஷனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. ஆம்பிளிஃபயர் பக்கத்தில் நின்றால் அவனுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. இன்னொரு தடவை போட்டாள். இரண்டு ஐம்பத்தாறு. ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வரலாமா என்று எழுந்தாள். அதற்குள் திரையில் டீம் லீடரின் அழைப்பு வந்துவிட்டது.

சட்டென்று பாட்டு நின்றது.

கரண்டு போய்விட்டது என்று நினைத்தாள். ரௌட்டரைப் பார்த்தாள். பச்சை. மின்விசிறி சுற்றியது. அப்படியென்றால் சுந்தரபாண்டிதான் நிறுத்தியிருக்கிறான். மூன்று மணியை மனதில் வைத்து நிறுத்தியிருக்கிறான். காலையிலிருந்து முதல் தடவையாகத் மனசு இளகியது. அழைப்பை எடுத்தாள்.

டீம் லீடர் சென்னைக்காரப் பெண். குரல் மென்மையாக இருக்கும், சொல்லும் விஷயம் எதுவும் மென்மையாக இருக்காது. அங்கிருந்தே கணினியைத் தன் கட்டுப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டாள். மூன்று இடங்களிலிருந்து மூன்று சோதனை. தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றுநாலு, தொண்ணூற்றாறு. பிறகு ஒரு பதிவு செய்த அழைப்பை இருபது நிமிடம் ஓடவிட்டாள். முனீஸ்வரி கைகளை மடியில் வைத்துக்கொண்டு, திரையில் இணைப்பைக் காட்டும் கோட்டைப் பார்த்தாள். கோடு நேராகப் போனது. வெளியே காற்று புழுதியை வாரி ஜன்னலில் அடித்தது. கோடு அசையவில்லை.

"வெரி குட், முனீஸ்வரி. எங்க டீம்லயே உங்க லைன்தான் பெஸ்ட். கேமராவை ஒரு சுத்து காட்டுங்க."

காட்டினாள். பச்சைச் சுவர், மேசை, புத்தக அடுக்கு, ஜன்னல்.

"ஓகே. இந்த ரூமை உங்க ஒர்க் ஸ்டேஷன்னு ரெஜிஸ்டர் பண்ணிட்டேன். போட்டோ எடுத்தாச்சு. இனி தொண்ணூறு நாளைக்கு எப்ப வேணும்னாலும் கேமரா ஆன் பண்ணச் சொல்லுவோம். இதே ரூம், இதே சுவர் இருக்கணும். வேற இடம் தெரிஞ்சா ஆட்டோமேட்டிக்கா ஃபெயில். சரியா?"

முனீஸ்வரி வாயைத் திறந்தாள். இது என் வீடு இல்லை என்று சொல்ல ஒரு விநாடி இருந்தது. சொன்னால், தேறிய எண்கள் எல்லாம் அழியும். அந்த விநாடி போய்விட்டது.

"சரிங்க மேடம்" என்றாள்.

திரை அணைந்தது. கதவோரத்தில் மாரீஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"தொண்ணூறு நாளா?" என்றாள்.

"கேட்டீங்களாக்கா?"

"அந்தப் புள்ள சத்தமாத்தான் சொன்னா." மாரீஸ்வரி உள்ளே வந்து ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். "பாட்டை ஒம்புருசன் நிறுத்தலை. எங்க சுவத்து ஆணியிலதான் குழாய்க்கு வயரு போகுது. நான்தான் கொக்கியக் கழத்தி விட்டேன். அவன் இப்ப எங்க அந்து போச்சுன்னு தேடிக்கிட்டு வருவான்."

இளகியது மறுபடி இறுகியது. ஆனாலும் முனீஸ்வரி கேட்டுவிட்டாள். கேட்காமல் வழியில்லை. காலை எட்டுக்கு வந்து சாயங்காலம் ஐந்துக்குப் போய்விடுகிறேன், பின்வாசல் வழியாக வருகிறேன், பிள்ளை படிக்கிற நேரத்துக்கு இடைஞ்சல் செய்ய மாட்டேன் என்றாள். கெஞ்சல்தான். இப்போது அது கெஞ்சலாக இருப்பதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை.

மாரீஸ்வரி முழுவதையும் சொல்லவிட்டாள்.

"நான் ஒன்னைய வேண்டாம்னு சொல்லலை. சொல்லணும்னு ரெண்டு வருசமா ஆசைதான். இன்னைக்கு வாய்ல வர மாட்டேங்குது." மகளின் புத்தக அடுக்கை நேராக்கினாள். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. "பொங்கல் முடிஞ்ச மறுநாளு நாங்க வீட்டைக் காலி பண்ணிட்டுக் காரியாபட்டிக்குப் போறோம். பிள்ளை பரீட்சைக்காகத்தான் இதுவரைக்கும் இருந்தோம். வேற ஆளு குடி வாராக. பேசி முடிச்சாச்சு."

"அவருக்குத் தெரியுமா?"

"ஒம்புருசனுக்கா? அவுக அண்ணனே சொல்லக் கூடாதுன்னுட்டாக. தம்பிகிட்டச் சொன்னா சண்டைக்கு வருவான், இல்லாட்டி அழுவான், ரெண்டையும் பாக்க முடியாதுன்னுட்டாக. போயிட்டுத் தெரியட்டும்னு இருக்காக." முனீஸ்வரியின் முகத்தை நேராகப் பார்த்தாள். "நீயும் சொல்லிராத. இந்த அரை மணிக்குக் கூலியா அது போதும்."

வெளியே ஏணி சாய்க்கும் சத்தம் கேட்டது.

முனீஸ்வரி கணினியை எடுத்துக்கொண்டாள். ரௌட்டரை அங்கேயே விட்டாள். பொங்கல் வரைக்குமாவது அது அங்கே இருந்தாக வேண்டும். அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் எண்பது சொச்சம் நாளுக்கு அவளிடம் வழி இல்லை. அவள் வாசல்படி தாண்டியதும் பின்னால் கதவு சாத்தியது.

சுந்தரபாண்டி தெருவில் நின்றுகொண்டிருந்தான். வாசல்படிக்கு ஒரு கஜம் தள்ளி, சுவரை ஒட்டாமல், ஏணியை மட்டும் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். சுவர் ஆணியில் கழன்று தொங்கிய கொக்கியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கொக்கி எப்படிக் கழன்றது என்று கேட்கவில்லை.

"பாஸா?"

"பாஸ்."

"அப்புறம் என்னத்துக்கு மூஞ்சி இப்படி இருக்கு?"

பசி என்றாள். அவன் தலையாட்டினான். பொங்கல் முடிந்ததும் தோரணத்தை முதல் ஆளாக நானே அவிழ்க்கிறேன், பெட்டியை வீட்டுக்குத் தூக்கிவந்துவிடுவோம், இனிமேல் அந்த வயரில் ஒரு இலைகூடக் கட்ட மாட்டேன் என்றான். மன்னிப்பு கேட்கத் தெரியாதவன் பேசும் பேச்சு அது. வேறொரு நாளாக இருந்தால் அவளுக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

ஏணியில் ஏறினான். மூன்றாவது படியில் நின்று, சாத்திய கதவைப் பார்க்காமல், கையிலிருந்த வயரைப் பார்த்தபடி கேட்டான்.

"அண்ணன் வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காகளா?"

இரண்டு வருடத்தில் அவன் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"இருக்காக" என்றாள் முனீஸ்வரி.

அவன் கொக்கியை மாட்டினான். தலைக்கு மேல் குழாய் அலறத் தொடங்கியது. அதற்கு மேல் அவள் எதைச் சொல்லியிருந்தாலும் அவனுக்குக் கேட்டிருக்காது.